மலையேறப் போனவர்கள் மாடிவீட்டுக்காக ஏன் சண்டை போடுகிறார்கள்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்களை நீக்கி, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. மவுண்டன் ஹவுஸில் வீடு. வேலை சான்டா கிளாராவில். காலையில் ஐந்தரை மணிக்கு வண்டியை எடுத்தால்தான் ஆல்டமான்ட் கணவாயைக் கூட்டத்துக்கு முன்னால் தாண்ட முடியும்னு சொல்றாங்க. அவங்க ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒரு பையன் வந்து, "அக்கா, சியரா கிளப்பில் உறுப்பினராகச் சேருங்க, சந்தா கொஞ்சம்தான், டிசம்பருக்குள்ள ஒரு ஓட்டு போடணும்"னு கேட்டிருக்கான். எதுக்குப்பான்னு கேட்டா, "வீடு கட்டறதுக்கு"ன்னு சொல்லியிருக்கான். அவங்க கேள்வி இதுதான்: "மரம், மலை, கரடின்னு பேசற சங்கம் அது. அதோட நிர்வாகக் குழு தேர்தலுக்கும் என் வீட்டு வாடகைக்கும் என்ன சம்பந்தம்?"

ரொம்ப நல்ல கேள்வி. சம்பந்தம் இருக்கு. ஆனால் அதைச் சொல்ல ஒரு அறுபது வருஷம் பின்னால போகணும். அதுக்கு முன்னாடி என் பக்கத்தைச் சொல்லிடறேன். நான் ஃப்ரீமான்ட்டில் வாடகைக்கு இருக்கிறவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதே சமயம் நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினரும்கூட. மிஷன் பீக் ஏறப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ சேரச் சொன்னாங்க, சேர்ந்தேன். அதுக்கப்புறம் பல வருஷம் தேர்தல் மின்னஞ்சல் வந்திருக்கு. ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. இதை ஏன் சொல்றேன்னா, என்னை மாதிரி ஆட்கள்தான் இந்தக் கதையில் முக்கியமான பாத்திரம்.

முதலில் சங்கம் எப்படி இயங்குதுன்னு பார்ப்போம். சியரா கிளப் 1892இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கினது. ஜான் மியூர் முதல் தலைவர். இன்றைக்கு நாடு முழுக்கப் பரவியிருக்கு. தேசிய அளவில் 15 பேர் கொண்ட இயக்குநர் குழு. அதில் வருஷத்துக்கு 5 இடம் தேர்தலுக்கு வரும், பதவிக்காலம் மூணு வருஷம். அதுக்குக் கீழே சாப்டர்கள். சாப்டருக்குக் கீழே ஊர் அளவில் சின்னச் சின்னக் குழுக்கள். நம்ம பகுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ பே சாப்டர்னு ஒண்ணு. அலமீடா, கான்ட்ரா கோஸ்டா, மரின், சான் ஃபிரான்சிஸ்கோ இந்த நாலு கவுண்டியும் அதில் அடக்கம். சான் ஹோசே பக்கம் இருக்கிறவங்க லோமா ப்ரியேட்டா சாப்டர், அது தனி.

சாப்டருக்கும் குழுவுக்கும் நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. அமெரிக்காவில் இருக்கிற பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளில் இது அபூர்வம். பெரும்பாலான அமைப்புகளுக்கு நீங்க பணம் கொடுக்கலாம், கையெழுத்துப் போடலாம், ஆனால் தலைமையை நீங்க மாத்த முடியாது. இங்கே முடியும். சங்கத்தோட பெருமையும் அதுதான், தலைவலியும் அதுதான்.

ஏன்னா ஓட்டுப் போடுகிறவங்க ரொம்பக் கொஞ்சம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் உறுப்பினர் இருக்கிற ஒரு குழுன்னு வைங்க. ஓட்டுப் போட்டது 800 பேர். காலியா இருக்கிற இடம் ஐந்து. ஒவ்வொருத்தரும் ஐந்து பேருக்கு ஓட்டுப் போடலாம். ஒரு அணிக்கு 420 பேர், இன்னொரு அணிக்கு 380 பேர் ஆதரவு இருக்கு, ரெண்டு பக்கமும் தங்கள் பட்டியலை அப்படியே கட்டுக்கோப்பா போடறாங்க. யார் ஜெயிப்பாங்க? 420 பேர் இருக்கிற அணிக்கு ஐந்து இடமும் போயிடும். மூணு, ரெண்டுன்னு பங்கு பிரியாது. பத்தாயிரம் பேர் சங்கத்தை நாற்பது பேர் வித்தியாசம் தலைகீழா மாத்திடும். நாற்பது பேர்ங்கிறது ஒரு அபார்ட்மென்ட் பொங்கல் விழாவுக்கு வர்ற கூட்டம், அவ்வளவுதான்.

சரி, ஜெயிச்சு என்ன கிடைக்கும்? சம்பளம் கிடையாது, மாசாமாசம் நீண்ட மீட்டிங்தான். ஆனால் ஒரு பெரிய விஷயம் கையில் இருக்கு: சங்கத்தோட பெயர். சான் ஃபிரான்சிஸ்கோவில் தேர்தல் வந்தால் ஒரு வாக்காளர் முன்னால் வேட்பாளர்கள் மட்டுமில்லாம, பத்துப் பதினைஞ்சு பிரேரணைகளும் வரும். இதுக்கு ஆமாம் போடவா, இல்லை போடவான்னு எல்லாத்தையும் படிக்க யாருக்கும் நேரமில்லை. அப்போ தபாலில் வர்ற அட்டையில் யாருடைய முத்திரை இருக்குன்னு பார்ப்பாங்க. சியரா கிளப் முத்திரை இருந்தா, "சரி, இது இயற்கைக்கு நல்லது போல"ன்னு ஓட்டுப் போட்டுட்டுப் போயிடுவாங்க. கவுன்சிலில் ஒரு கட்டடம் விவாதத்துக்கு வரும்போதும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து "எனக்கு வெயில் மறையும்"னு சொன்னால் அது அவரோட சொந்தக் கஷ்டம். சியரா கிளப் கடிதம் எழுதினால் அது சுற்றுச்சூழல் பிரச்சினை. அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போடறது, எந்தப் பக்கம் போடறது என்பதுதான் இந்தத் தேர்தலின் பரிசு.

இப்போ பின்னால போவோம்.

1960களில் இந்தப் பகுதியில் சுற்றுச்சூழல் பற்றுன்னா, கட்டுமானத்தைத் தடுப்பதுதான். வேற அர்த்தமே கிடையாது. அதுக்கு நல்ல காரணமும் இருந்தது. அப்போ விரிகுடாவையே மண் போட்டு நிரப்பிக்கிட்டிருந்தாங்க. பெர்க்லி நகரத்துக்கு மட்டும் 2,000 ஏக்கர் கடலை நிரப்பி ஊரை ரெண்டு மடங்கு ஆக்கும் திட்டம் இருந்தது. இப்படியே போனால் 2020இல் விரிகுடா ஒரு ஆறு மாதிரி ஆகிவிடும்னு ராணுவப் பொறியாளர் பிரிவோட ஆய்வை வைச்சு ஒரு வரைபடமே பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துட்டு கே கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக்னு மூணு பெண்கள் 1961இல் தொடங்கின இயக்கம்தான் சேவ் த பே. 1965இல் விரிகுடாவைக் காக்க தனி ஆணையமே வந்தது. வடக்கே மரின் மலைகளில் 30,000 பேருக்கு மரின்செல்லோ என்ற புது நகரம் கட்ட இருந்தாங்க. அதையும் தடுத்தாங்க. இன்னிக்கு நீங்க கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வெறும் மலையைப் பார்த்துப் படம் எடுக்கிறீங்களே, அந்த இடம்தான்.

நகரத்துக்குள்ளேயும் இதே அனுபவம். 1959இல் சான் ஃபிரான்சிஸ்கோ மேற்பார்வையாளர் குழு, ஊரைக் கிழிச்சுக்கிட்டுப் போக இருந்த பத்து ஃப்ரீவே திட்டங்களில் ஏழை ரத்து செய்தது. ஃபில்மோர் பகுதியில் மட்டும் "நகரப் புதுப்பிப்பு"ங்கிற பேரில் ஆயிரக்கணக்கான கறுப்பின, ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்களை வெளியேற்றி வீடுகளை இடிச்சாங்க. திரும்பி வரலாம்னு கொடுத்த வாக்கு பெரும்பாலும் வாக்காகவே நின்னுபோச்சு.

ஒரு தடவை சங்கத்தோட நடைப்பயணத்தில் எழுபது தாண்டின ஒரு அம்மா கூட நடந்தாங்க. வீட்டு விஷயம் வந்ததும் நான் கொஞ்சம் சூடாவே பேசிட்டேன். அவங்க நின்னு, தண்ணி குடிச்சிட்டு, "நீ சொல்ற 'வளர்ச்சி' என்கிற வார்த்தையை நான் சின்ன வயசில் புல்டோசர் ஓட்டினவங்க வாயில்தான் கேட்டிருக்கேன்"னு சொன்னாங்க. எனக்குப் பதில் வரலை. பழைய அணியைச் சுயநலக்காரர்கள்னு ஒரே வார்த்தையில் ஒதுக்குகிற இளைஞர்கள் இந்த இடத்தைத் தவறவிடறாங்கன்னு நினைக்கிறேன். அவங்க தடுத்தவற்றில் பாதி, தடுக்கப்பட வேண்டியவைதான்.

மிச்சப் பாதியில்தான் சிக்கல்.

கட்டுமானத்தைத் தடுக்க அவங்க உண்டாக்கின கருவிகள் நல்ல கட்டடம், கெட்ட கட்டடம்னு பிரிச்சுப் பார்க்கிறதில்லை. 1970இல் ஆளுநராக இருந்த ரொனால்ட் ரேகன் கையெழுத்துப் போட்ட கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டம் ஒண்ணு இருக்கு. இங்கே எல்லாரும் சீக்வான்னு சொல்வாங்க. அரசாங்கம் ஒரு காரியம் செய்யும் முன்னால் அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும்னு ஆராயணும் என்பதுதான் அடிப்படை. 1972இல் மாநில உச்ச நீதிமன்றம், அரசு அனுமதி தேவைப்படும் தனியார் கட்டடங்களுக்கும் இது பொருந்தும்னு சொல்லிடுச்சு. ஆராய்ச்சி போதாதுன்னு யார் வேணும்னாலும் வழக்குப் போடலாம். அந்த "யார் வேணும்னாலும்" என்பதைப் பிடிச்சுக்குங்க. 1978இல் ரெண்டு விஷயம் நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ குடியிருப்புப் பகுதிகளில் கட்டட அளவுகளை இறுக்கினது. பெரும்பகுதி ஊரில் 40 அடிதான் உயரம்னு நின்னது. அதே வருஷம் மாநிலம் முழுக்க பிரேரணை 13. அதுப்படி, வீட்டின் விலை எவ்வளவு ஏறினாலும் சொத்து வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு ரெண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஏற்கெனவே வீடு வைச்சிருக்கிறவருக்கு விலை ஏறினால் லாபம், வரியில் வலி கிடையாது. புது வீடு வேணும்னு அவர் ஏன் போராடப் போறார்?

சீக்வா எவ்வளவு தூரம் போகும்னு ஒரு உதாரணம். இதில் சியரா கிளப்புக்குப் பங்கில்லை, சட்டத்தைப் புரிஞ்சுக்கத்தான் சொல்றேன். பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு எதிராக அக்கம்பக்கத்துக்காரங்க வழக்குப் போட்டாங்க. 2022இல் மாணவர் சேர்க்கையையே பழைய எண்ணிக்கையில் நிறுத்தி வைக்கணும்னு ஆச்சு. சுமார் 3,000 பேருக்கு வகுப்பில் இடமில்லாமல் போகிற நிலைமை. மார்ச் 14ஆம் தேதி அவசரமாகச் சட்டத்தைத் திருத்தித்தான் அதைச் சரி பண்ணினாங்க. அடுத்த வருஷம், மாணவர் விடுதி கட்டும் வழக்கில், மாணவர்கள் போடும் சத்தமும் சுற்றுச்சூழல் பாதிப்புதான், அதை ஆராயலைன்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறுபடி சட்டத் திருத்தம். அதாவது, மனுஷன் பேசற சத்தமே மாசு.

இதுக்கு வேர் எங்கே இருக்குன்னு யோசிச்சால், 1968இல் பால் எர்லிக் எழுதின "த பாப்புலேஷன் பாம்" என்ற புத்தகத்துக்குப் போகலாம். மக்கள் தொகை பெருகினால் உலகம் அழியும்னு பேசின புத்தகம். அதை வெளியிட்டதில் சியரா கிளப்புக்குப் பங்கு உண்டு. ஜனங்க அதிகமானால் இயற்கைக்குக் கேடுங்கிற எண்ணம் அந்தத் தலைமுறையில் ஆழமாகப் பதிஞ்சிருந்தது. அது குடியேற்றம் வரைக்கும் போச்சு. 1998இல் குடியேற்றத்தைக் குறைக்கணும்னு சங்கம் நிலைப்பாடு எடுக்க வேண்டுமான்னு உறுப்பினர்களிடமே ஓட்டுக்கு விட்டாங்க. நடுநிலைதான்னு ஏறக்குறைய 60க்கு 40 கணக்கில் முடிவாச்சு. விட்டாங்களா? 2004இல் கொலராடோவின் முன்னாள் ஆளுநர் ரிச்சர்ட் லாம் உள்பட, குடியேற்றக் கட்டுப்பாடு பேசறவங்க மனு மூலமாக இயக்குநர் குழுத் தேர்தலில் நின்னாங்க. வெளியிலிருந்து ஆட்களைச் சேர்த்துச் சங்கத்தைக் கைப்பற்றப் பார்க்கிறாங்கன்னு பெரிய கூச்சல். வழக்கத்தைவிட மிக அதிகமான பேர் ஓட்டுப் போட்டு அவங்களைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடிச்சாங்க.

வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறின நம்மில் எத்தனை பேருக்கு இந்த ஓட்டெடுப்பு பற்றித் தெரியும்? எனக்கு இந்த எபிசோடுக்காகப் படிக்கும்வரை சரியாகத் தெரியாது. நம்மைப் பற்றித்தான் அந்த ஓட்டு.

அடுத்து நம்ம ஊர்த் தேர்தல். 2014இல் சோன்யா ட்ராஸ் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா ரென்டர்ஸ் ஃபெடரேஷன்னு, அதாவது வாடகைதாரர்கள் கூட்டமைப்புன்னு ஒண்ணைத் தொடங்கினார். எங்கே என்ன கட்டினாலும் சரி, கட்டுங்க என்பதுதான் கொள்கை. "என் வீட்டுக் கொல்லையில் வேண்டாம்" என்பவர்களை நிம்பின்னு சொல்வாங்க. இவங்க "என் கொல்லையில் கட்டுங்க"ன்னு சொல்கிற யிம்பி. கவுன்சில் கூட்டங்களில் போய்ப் பேசிப் பார்த்தவங்க, 2015இல் வேற ஒரு கணக்குப் போட்டாங்க. சியரா கிளப்பின் சான் ஃபிரான்சிஸ்கோ குழு பல அடுக்குமாடித் திட்டங்களை எதிர்க்குது. ஆனால் அதன் நிர்வாகக் குழுவை உறுப்பினர்தான் தேர்ந்தெடுக்கிறாங்க. ஓட்டுப் போடறவங்க கொஞ்சம் பேர். அப்போ நாமே சேர்ந்து, நாமே நின்னு, நாமே ஓட்டுப் போட்டால் என்ன?

பயங்கரமான சண்டை. பழைய அணி, "ரியல் எஸ்டேட், டெக் பணத்தில் நடக்கிற ஆக்கிரமிப்பு இது"ன்னு சொன்னாங்க. யெல்ப் நிறுவனத் தலைவர் ஜெரமி ஸ்டாப்பல்மன் அந்தக் கூட்டமைப்புக்கு நன்கொடை கொடுத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதனால் அந்தக் குற்றச்சாட்டு நல்லா ஒட்டிக்கிச்சு. புது அணி, "ஊருக்குள் உயரமாகக் கட்டினால்தான் ஊருக்கு வெளியே காடு பிழைக்கும், இது உங்க தேசியச் சங்கமே சொல்றது"ன்னு திருப்பி அடிச்சாங்க. கடைசியில் அந்த அணி ஜெயிக்கலை.

தோற்றவங்களோட வாதத்தை நம்ம நேயரோட வண்டியை வைச்சே பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் பசுங்குடில் வாயுவில் சுமார் 40 சதவீதம் போக்குவரத்தில் இருந்து வருது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வீடு கட்டாமல் தடுத்தால் அந்தக் குடும்பம் காணாமல் போகிறதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போகும். மவுண்டன் ஹவுஸ் அப்படி வந்த ஊர். விவசாய நிலத்தில் திட்டம் போட்டு எழுப்பினது. 2024 ஜூலையில்தான் முறையா நகரமாச்சு. அங்கே இந்தியக் குடும்பங்கள் ஏராளம். கடலோரத்தில் ஏசியே தேவைப்படாத சீதோஷ்ணத்தில் இருக்க வேண்டிய ஒரு குடும்பம், கோடையில் 40 டிகிரி தொடும் இடத்தில் நாள் முழுக்க ஏசி ஓட்டிக்கிட்டு, தினமும் போக வர 150 கிலோமீட்டர் கார் ஓட்டுது. ஒரு மரம் நிழலில் மறையக் கூடாதுன்னு சான் ஃபிரான்சிஸ்கோவில் தடுத்த கட்டடம், சான் வாக்கின் பள்ளத்தாக்கில் வயலைத் தின்னுக்கிட்டு முளைக்குது. கணக்கில் இது வேற கவுண்டியில் வருது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய அணியோட வாதத்தையும் அதே நேர்மையோட சொல்லணும். 2013இல் எய்ட் வாஷிங்டன்னு ஒரு திட்டம் மக்கள் ஓட்டுக்கு வந்தது. கடற்கரையோரமா, அனுமதித்த உயரத்தைத் தாண்டி 134 சொகுசு வீடுகள். ஊரே வேண்டாம்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் பிரேரணை பி: கடற்கரைத் துறைமுக நிலத்தில் உயர வரம்பைத் தாண்டணும்னா வாக்காளர்களைக் கேட்கணும். சியரா கிளப் அதை ஆதரிச்சது, சுமார் 59 சதவீதம் ஓட்டில் ஜெயிச்சது. அவங்க கேட்பது: "நீங்க கட்டச் சொல்ற வீட்டில் யார் இருக்கப் போறா? டீச்சரா, பஸ் டிரைவரா? கோடீஸ்வரனுக்குக் கடல் தெரியணும்னு நான் ஏன் என் முத்திரையைக் கொடுக்கணும்?" இதுக்குப் புது அணி சொல்ற பதில், இன்னிக்குப் புது வீட்டுக்குப் போற பணக்காரன், அது இல்லைன்னா பழைய வீட்டுக்கு வந்து டீச்சரை வெளியே தள்ளுவான் என்பது. பொருளாதாரமாப் பார்த்தால் அது சரின்னுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஃபில்மோரில் இடிச்சதை நினைவு வைச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட "பொறுங்க, மெதுவா கீழே வரைக்கும் வரும்"னு சொன்னால் அவர் ஏன் நம்பணும்?

2015 தோல்வியோடு விஷயம் முடியலை. 2018 ஜனவரியில் மாநில செனட்டர் ஸ்காட் வீனர் எஸ்பி 827ன்னு ஒரு மசோதா கொண்டு வந்தார். ரயில் நிலையம், அடிக்கடி பஸ் வரும் சாலை இவற்றுக்குப் பக்கத்தில் அடுக்குமாடி கட்டுவதை ஊராட்சிகள் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். சியரா கிளப்பின் கலிஃபோர்னியா கிளை எதிர்த்தது. ரயில் பக்கத்தில் வீடு கட்டும் சட்டத்தைச் சுற்றுச்சூழல் சங்கம் எதிர்க்குதான்னு நாடு முழுக்கப் பேச்சு. உள்ளூர் முடிவு உள்ளூரிலேயே இருக்கணும், இல்லைன்னா ஊர்க்காரங்க ரயிலே வேண்டாம்னு சொல்லிடுவாங்க என்பது அவங்க தரப்பு. ஏப்ரலில் மசோதா குழுவிலேயே செத்துப்போச்சு. 2019இல் தேசியச் சங்கம் நகருக்குள் அடர்த்தியாகக் கட்டுவதை ஆதரிச்சு ஒரு கொள்கையை எழுதி வைச்சது. எழுதினதை ஒவ்வொரு ஊரிலும் எப்படிப் பொருள் கொள்றதுன்னு உள்ளூர் நிர்வாகக் குழுதான் தீர்மானிக்கணும். அதனால்தான் அந்தப் பையன் இன்னும் ஆபீஸில் ஆள் சேர்த்துக்கிட்டிருக்கான்.

சங்கத்துக்கு வெளியே காற்று மாறிட்டு வருது. 2025 ஜூனில் ஏபி 130ங்கிற சட்டம் நகருக்குள் கட்டும் பெரும்பாலான வீடுகளுக்கு சீக்வாவிலிருந்து விலக்குக் கொடுத்தது. அக்டோபரில், 827இன் தம்பி மாதிரியான எஸ்பி 79 கையெழுத்தாச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ 2031க்குள் 82,000 வீட்டுக்கு இடம் காட்டியாகணும்னு மாநிலம் இலக்கு கொடுத்திருக்கு. கிரீன்பெல்ட் அலையன்ஸ்னு 1958இல் இருந்து இயங்கும் இன்னொரு அமைப்பு, ஊரைச் சுற்றிப் பசுமையைக் காக்கணும்னா உள்ளே கட்டித்தான் ஆகணும்னு எப்பவோ முடிவெடுத்திருச்சு. உறுப்பினர் தேர்தல் இல்லாத அமைப்பு அது, முடிவெடுக்கிறது சுலபம்.

இந்த மாதிரி ஆள் சேர்த்து ஓட்டுப் போடறது நியாயமான்னு சிலர் கேட்பாங்க. எனக்கு ரெண்டு மனசு. உறுப்பினர் ஆனவருக்கு ஓட்டு உண்டுன்னு சங்கமே சொன்ன பிறகு, ஏன் சேர்ந்தேன்னு கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 2004ஐ நினைச்சுப் பாருங்க. அன்னைக்குத் தப்புன்னு பட்ட முறை, இன்னைக்கு நமக்குப் பிடிச்ச அணி செய்தால் சரியாகிடுமா? இன்னொரு நடைமுறைக் கவலையும் இருக்கு. ஓட்டுக்காகச் சேர்ந்தவங்க ஜனவரியில் இருப்பாங்களா? சதுப்பு நிலத்தில் முழங்கால் சேற்றில் நின்னு களை பிடுங்கறது, குழந்தைகளை மலைக்குக் கூட்டிட்டுப் போறது, யாரும் வராத மீட்டிங்கில் மினிட்ஸ் எழுதறது, இதெல்லாம் செய்யறது பெரும்பாலும் அந்த எழுபது வயசு அணிதான். அவங்களைத் தோற்கடிச்சிட்டு முத்திரையை மட்டும் வைச்சுக்க முடியாது. முத்திரைக்கு மதிப்பு வந்ததே அந்த சேற்றில் நின்னதால்தான்.

நேயர் கேள்விக்கு வரேன். அம்மா, நீங்க சேரலாம். ஆனால் மவுண்டன் ஹவுஸ் சான் வாக்கின் கவுண்டியில் இருக்கு. அது வேற சாப்டர். உங்க முகவரிப்படி சான் ஃபிரான்சிஸ்கோ குழுவுக்கோ பே சாப்டருக்கோ உங்களுக்கு ஓட்டு வராது. உங்க ஆபீஸ் பையன் இதைக் கவனிச்சிருக்க மாட்டான், அவன்மேல் கோபப்படாதீங்க. சங்கம் மட்டும் இல்லை, சான் ஃபிரான்சிஸ்கோ மேற்பார்வையாளர் தேர்தலும் அப்படித்தான். வாடகை தாங்காமல் எந்த ஊரைவிட்டு வந்தீங்களோ, அந்த ஊரில் வீடு கட்டலாமான்னு முடிவு பண்ற எந்தத் தேர்தலிலும் நீங்க இல்லை. அங்கே வீடு கிடைச்சவங்கதான் இருக்காங்க.

நான் இருக்கேன். அலமீடா கவுண்டி. இந்தத் தடவை மின்னஞ்சலைத் திறந்தேன். எல்லா வேட்பாளர் அறிமுகத்திலும் காலநிலை இருக்கு, நீதி இருக்கு, மரம் இருக்கு. வீடு என்கிற வார்த்தை யாரிடம் இருக்கு, எப்படி இருக்குன்னு மட்டும் தேடினேன். "மலிவு வீடுகளை மட்டும் ஆதரிக்கிறேன்"னு இருந்தால் பழைய அணின்னும், "ரயில் அருகே எல்லா வகை வீடும்"னு இருந்தால் புது அணின்னும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். புது அணியில் ரெண்டு பேருக்குப் போட்டேன். மூணாவது ஓட்டை, விரிகுடா சதுப்பு நிலத்துக்காக இருபது வருஷமாக உழைக்கிற ஒரு பழைய அணிக்காரருக்குப் போட்டேன். அணியாப் போடறவங்க இதைக் கேட்டால் ஓட்டை வீணாக்கிட்டேன்னு சொல்வாங்க. கணக்குப்படி அவங்க சொல்றது சரி.

உங்க கவுண்டிக்கு எது சாப்டர்னு தெரியலைன்னா சங்கத்தோட தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்க, உடனே காட்டும். கேள்விகள் இருந்தால் வழக்கம்போல் குரல் பதிவாக அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பிரேரணை 13ஐ மட்டும் தனியாக எடுத்துக்கலாம்னு இருக்கேன். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே அளவு, ஒருத்தர் கட்டற வரி இன்னொருத்தரோட பத்து மடங்குன்னு எப்படி ஆகுதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க.